இரண்டு நாள் மருத்துவ சிமுலேஷன் பயிற்சி: முதல் நாளுக்கு மட்டும் முழு மதிப்பெண்

சென்ற மாதம் எங்கள் மருத்துவமனையிலிருந்து ஐந்து பேர் சென்னையிலுள்ள ஒரு தனியார் பயிற்சி மையத்துக்குச் சென்று, அவசர சிகிச்சைக்கான இரண்டு நாள் சிமுலேஷன் வகுப்பில் கலந்துகொண்டோம். மகப்பேறு மருத்துவர் ஒருவர், பிரசவ அறைச் செவிலியர் இருவர், ஹவுஸ் சர்ஜன் காலத்தை முடித்துச் சேர்ந்திருக்கும் இளம் டியூட்டி டாக்டர் ஒருவர், மயக்கவியல் மருத்துவராகிய நான். எங்களுடன் வேறு மருத்துவமனைகளிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 16 பேர். மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த விமர்சனத்தின் பிற்பாதி குறைகளைச் சொல்வது என்பது ஒரு காரணம். அந்தக் குறைகள் அந்த ஒரு மையத்துக்கு மட்டும் உரியவை என்று நான் நினைக்கவில்லை என்பது இன்னொரு காரணம்.

சிமுலேஷன் பயிற்சியை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நோயாளிக்குப் பதிலாக மேனிக்கின் எனப்படும் பொம்மையையோ நோயாளியாக நடிக்கும் ஒருவரையோ வைத்து, உண்மையான மானிட்டர், உண்மையான ஊசிகள், உண்மையான பரபரப்பு ஆகியவற்றுக்கு நடுவே ஒரு நெருக்கடியைச் சமாளிக்கச் சொல்வார்கள். அது முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து, நடந்ததைப் பேசுவார்கள். இந்த இரண்டையும் நடத்துபவருக்கு ஃபெசிலிடேட்டர் என்று பெயர். இதற்குத் தமிழில் நல்ல சொல் தேடிப் பார்த்தேன். நடத்துநர் என்றால் விசில் ஊதி டிக்கெட் கிழிப்பவர் நினைவுக்கு வருகிறார். நெறியாளர் என்றால் முனைவர் பட்டமும் தொலைக்காட்சி விவாதமும் வந்து நிற்கின்றன. ஆகவே ஃபெசிலிடேட்டர் என்றே எழுதுகிறேன்.

போனதும் முதல் 40 நிமிடங்களை மையத்தைச் சுற்றிக் காட்டுவதிலேயே கழித்தார்கள். மேனிக்கின் மூச்சு விடுகிறது, மணிக்கட்டில் நாடி துடிக்கிறது, டார்ச் அடித்தால் கண்பாவை சுருங்குகிறது, ஸ்டெதஸ்கோப் வைத்தால் நெஞ்சில் இரைப்பு கேட்கிறது. அதன் விலையை ஒருங்கிணைப்பாளர் இரண்டு முறை சொன்னார். இந்தத் துறையின் முன்னோடிப் பொம்மையை 1960இல் நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரத்தில் உருவாக்கிய ஓஸ்மன்ட் லார்டல், உண்மையிலேயே விளையாட்டுப் பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்தவர். வாயோடு வாய் வைத்து மூச்சூட்டப் பழகுவதற்காக அவர் செய்த ரெசஸி ஆனி என்ற அந்தப் பொம்மையால் கண் சிமிட்ட முடியாது, பேசவும் முடியாது. சிமுலேஷனை மயக்கவியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவரான ஸ்டான்ஃபோர்டின் டேவிட் காபா 2004இல் எழுதிய ஒரு வாக்கியம் இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது: சிமுலேஷன் என்பது தொழில்நுட்பம் அன்று, ஒரு பயிற்று முறை. அந்த வாக்கியம் இந்த மையத்தின் நுழைவுக் கூடத்திலும் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழேதான் விலையுயர்ந்த மேனிக்கினைப் படுக்க வைத்திருந்தார்கள்.

முதல் நாளை நடத்தியவர் ஒரு பெண் மருத்துவர். உதவிக்கு இருவர்; ஒருவர் கட்டுப்பாட்டு அறையில், மற்றொருவர் எங்களுக்கு நடுவிலேயே. முன்விளக்கத்துக்கு மட்டும் அவர் 20 நிமிடங்கள் எடுத்துக்கொண்டார். மேனிக்கினால் எதெல்லாம் முடியாது என்பதையும் அவரே முதலில் சொன்னார்: "இதுக்கு வியர்க்காது, தோல் வெளுக்காது. வியர்க்குதான்னு கேளுங்க, நான் சொல்றேன்." ஆக்சிஜன் எங்கே, டிராலியில் எது உண்மை மருந்து, எது தண்ணீர், தொலைபேசியில் எந்த எண்ணை அழைத்தால் யார் வருவார் என்பதையெல்லாம் கையால் தொட்டுப் பார்க்க வைத்தார். இங்கு நடப்பது எதுவும் எங்கள் மேலதிகாரிகளுக்குப் போகாது, வீடியோ எடுக்கப்படாது என்றார். பாஸ்டனிலுள்ள சென்டர் ஃபார் மெடிக்கல் சிமுலேஷன் பரப்பிய 'அடிப்படை நம்பிக்கை' ஒன்று உண்டு: பங்கேற்கும் ஒவ்வொருவரும் அறிவும் திறமையும் உள்ளவர், தம்மால் இயன்றதைச் சரியாகச் செய்யவே நினைப்பவர், மேம்பட விரும்புபவர் என்பது அதன் சாரம். அவர் அதை வாசித்துக் காட்டவில்லை. தம் சொல்லாக, செவிலியர்களின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த நேரத்தில் இதைச் சற்று நாடகத்தனமாகவே கருதினேன். அரைமணி நேரத்தில் அந்த எண்ணம் போய்விட்டது.

காட்சி, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு. இதற்கு அந்தப் பெரிய மேனிக்கினைப் பயன்படுத்தவில்லை. உதவியாளர்களில் ஒருவரான மூத்த செவிலியர், வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் ஒரு பிரசவ உபகரணத்தை அணிந்து மேசையில் படுத்துக்கொண்டார். கருப்பை சுருங்குவதையும் தளர்வதையும் உள்ளிருந்து அவர் கையே முடிவு செய்கிறது. சிவப்புத் திரவம் எவ்வளவு வேகமாக வடிய வேண்டும் என்பதையும் அவரே திருகி அமைக்கிறார். அதாவது நோயாளியாகப் படுத்திருப்பவரும் ஒரு ஃபெசிலிடேட்டர். எங்கள் மகப்பேறு மருத்துவர் கருப்பையை நன்றாகத் தேய்த்துவிட்டால் ரத்தம் குறைந்தது. கையை எடுத்தால் பெருகியது. நடுவில் நோயாளியாகப் படுத்திருந்தவர் ஈனமான குரலில் "சிஸ்டர், தலை சுத்துது" என்றபோது எனக்கே ஒரு கணம் அடிவயிறு கலங்கியது. கண் சிமிட்டும் இயந்திரம் எதுவும் அந்த அறையில் இல்லை.

குழந்தை பிறந்ததும், கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில் போடப்பட்டிருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் என்னை அழைத்தார்கள். நான் உள்ளே போய் இரண்டாவது ஐவி லைன் போட்டுக்கொண்டே, "டிரானெக்ஸாமிக் ஒரு கிராம் போடுங்க" என்றேன்; ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து அது. யாரைப் பார்த்துச் சொன்னேன்? மானிட்டரைப் பார்த்து. அடுத்த மூன்று நிமிடங்கள் எல்லோரும் கடுமையாக உழைத்தோம், ஆனால் நிலைமை நகரவில்லை. அங்கேதான் அந்தப் பெண்மணியின் கைத்திறனைப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் குறிப்புக் கொடுக்காமல், அறைக்குள் வராமல், சுவரிலிருந்த தொலைபேசியை ஒலிக்கச் செய்தார். "ரத்த வங்கியிலேர்ந்து பேசறேன். எத்தனை யூனிட் வேணும்? இதுவரைக்கும் எவ்வளவு போயிருக்கும்?" தொலைபேசியை எடுத்த செவிலியர் எங்களைப் பார்த்தார், நாங்கள் அப்போதுதான் முதன்முறையாகக் கீழே விரித்திருந்த துணியைப் பார்த்தோம். மகப்பேறு மருத்துவர் 400 மில்லி என்றார், நான் 600 என்றேன். பின்னர் உபகரணத்தின் தொட்டியை அளந்தபோது வெளியேறியிருந்தது 1,200 மில்லி. பிரசவத்தில் 500 மில்லியைத் தாண்டினாலே அதிக ரத்தப்போக்கு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான்.

காட்சி 14 நிமிடம். அதைப் பற்றிய உரையாடல் 40 நிமிடம். டீப்ரீஃபிங் என்று இதைச் சொல்கிறார்கள். வேறு அறைக்கு அழைத்துச் சென்று வட்டமாக உட்கார வைத்தார். அவருடைய நாற்காலியும் அந்த வட்டத்திலேயே இருந்தது. முதலில் எங்களை மூச்சு வாங்க விட்டார். எவர் எதைச் சொன்னாலும் திருத்தவில்லை. பிறகு தம் கையிலிருந்த ஒற்றைத் தாளைப் பார்த்து இப்படித் தொடங்கினார்: "10.47லேர்ந்து 10.51 வரைக்கும் துணி நனைஞ்சுக்கிட்டே இருந்ததை நான் பார்த்தேன். யாரும் அதைப் பத்திப் பேசலை. அளவு தெரியாமப் போயிடுமோன்னு எனக்குக் கவலையா இருந்துச்சு. அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடிக்கிட்டு இருந்துச்சு?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பத்து விநாடி இருக்கும். மருத்துவர்கள் நிரம்பிய ஓர் அறையில் பத்து விநாடி மௌனம் என்பது எவ்வளவு நீளமானது என்பது அதை அனுபவித்தவர்களுக்கே தெரியும். நானே வாயைத் திறக்கப் போனேன், அவர் கையை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினார்.

எங்கள் செவிலியர்களில் இளையவர் பேசினார். துணி நனைந்ததைத் தாம் இரண்டாவது நிமிடத்திலேயே பார்த்துவிட்டதாகவும், "மேடம் கைவேலையா இருந்தாங்க, நடுவுல சொன்னா கோச்சுக்குவாங்களோன்னு" விட்டுவிட்டதாகவும் சொன்னார். எங்கள் மகப்பேறு மருத்துவர் திகைத்து, "நான் என்னைக்கும்மா உன்னைக் கோச்சுக்கிட்டேன்?" என்று கேட்டார். எங்கள் மூத்த செவிலியர் கூரையைப் பார்த்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம், அந்த மருத்துவரும் சேர்ந்துதான். ஆறு ஆண்டுகளாக ஒரே பிரசவ அறையில் வேலை செய்யும் இருவர் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. முன்பின் அறியாத ஒருவர் கேட்ட ஒற்றைக் கேள்வியில் வெளியே வந்தது.

அதன் பிறகே டிரானெக்ஸாமிக் அமிலத்துக்கு வந்தார். "ஆர்டர் எப்படிப் போச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போமா?" என்றார். செவிலியர் இருவரும் மற்றவர் போட்டுவிட்டதாக நினைத்திருக்கிறார்கள். மருந்து ஆம்பியூலிலேயே இருந்தது. யார் பெயரையும் சொல்லாமல் காற்றில் ஆணையிட்டவன் நான் என்பதை அவர் சொல்லவே இல்லை. நானே கண்டுபிடித்து நானே ஒப்புக்கொள்ளும் வரை காத்திருந்தார். பெயர் சொல்லி ஆணையிடுவது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வது, முடித்ததும் முடித்தேன் என்பது ஆகிய வளையத்தை நான் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். கடைசி ஐந்து நிமிடங்களில் மட்டும் அவர் பாடம் சொன்னார்: ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுவதை நம்ப வேண்டாம், அளவுக்கோடுகள் உள்ள பிளாஸ்டிக் விரிப்பைப் பிரசவித்த பெண்ணின் அடியில் விரித்து அளந்து, சிகிச்சைகளை ஒன்றாகத் தொடங்கும் முறையை நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில் சோதித்து, 2023இல் வெளியான முடிவில் கடுமையான ரத்தப்போக்கு உள்ளிட்ட மோசமான விளைவுகள் 60 சதவீதம் குறைந்திருந்தன என்றார். காலையில் இதையே ஸ்லைடாகக் காட்டியிருந்தால் தலையசைத்துவிட்டு மறந்திருப்பேன். 1,200 மில்லியை 600 என்று சொன்ன ஒரு மணி நேரத்துக்குள் கேட்டதால் அது உள்ளே இறங்கியது.

இரண்டாம் நாளுக்கு வருகிறேன். அன்று நடத்தியவர் துறையில் பெயர் பெற்ற மூத்த மருத்துவர். அவருடைய மருத்துவ அறிவில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. முன்விளக்கம் மூன்று நிமிடங்களில் முடிந்தது. "எல்லாரும் டாக்டர்ஸ், சிஸ்டர்ஸ்தானே, தெரியாததா" என்றார். காட்சி, வார்டில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் போட்ட சில நிமிடங்களில் அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. இம்முறை அந்த விலையுயர்ந்த மேனிக்கின். எங்கள் டியூட்டி டாக்டர் முதல் ஆளாக உள்ளே போனார். மூச்சிரைப்பையும் தடிப்பையும் உடனே கண்டுகொண்டார், ஊசி மருந்தை நிறுத்தினார், ஆக்சிஜன் கொடுத்தார்; பிறகு ஒவ்வாமை மருந்தான அவிலும், ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோனும் போடச் சொன்னார். முதலில் போட வேண்டிய அட்ரினலினைக் கேட்கவில்லை. கூரையிலிருந்த ஒலிபெருக்கி, "டாக்டர், ஏதோ மறந்துட்டீங்களே?" என்றது. பையன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். அந்தக் கணத்தில் நோயாளி மறைந்து, தேர்வுக்கூடம் வந்துவிட்டது. ரத்த அழுத்தம் 60க்கு இறங்கியது, பிறகு இதயம் நின்றது. நாங்கள் உள்ளே ஓடி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் நெஞ்சை அழுத்தினோம். மேனிக்கினின் திரையே எங்கள் அழுத்தம் சரி என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. அட்ரினலினும் போனது. ஆனாலும் கோடு நேராகவே நின்றது. "பேஷன்ட் எக்ஸ்பயர்ட்" என்றது ஒலிபெருக்கி.

சிமுலேஷனில் நோயாளி இறக்கலாமா என்பது இந்தத் துறையில் நீண்ட காலமாகப் பேசப்படும் கேள்வி. முன்கூட்டியே திட்டமிட்டு, இறப்பைப் பற்றிப் பேசுவதற்கென்றே அப்படி ஒரு காட்சியை அமைப்பதில் தவறில்லை. தண்டனையாக இறக்க வைப்பது வேறு.

தொடர்ந்தது டீப்ரீஃபிங் என்ற பெயரில் நடந்த ஒன்று. பெரிய திரையில் வீடியோவை ஓட்டினார். டியூட்டி டாக்டர் கை நடுங்க ஆம்பியூலை உடைக்கும் இடத்தில் நிறுத்தி, மீண்டும் ஓட்டினார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். "முதல் மருந்து என்ன? யாராவது சொல்லுங்க" என்றார், நான்கு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அதன்பின் 30 ஸ்லைடுகள். அவற்றில் ஒரு வரியும் தவறில்லை: பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில், பலன் தெரியாவிட்டால் ஐந்து நிமிடங்களில் மறுபடியும். அவிலும் ஸ்டீராய்டும் அதற்கு மாற்று ஆகா. பையன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். மாலை வரை அவன் வேறெதுவும் பேசவில்லை.

தேநீர் இடைவேளையில் மாடிப்படி அருகே அவனைப் பிடித்து, ஏன்ப்பா கேட்கவில்லை என்றேன். அவனுக்கு அளவு தெரியும், தொடை என்பதும் தெரியும். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, நினைவோடிருந்த ஒரு நோயாளிக்கு யாரோ ஒருவர் பதற்றத்தில் ஒரு முழு ஆம்பியூல் அட்ரினலினைக் கரைக்காமல் நேரடியாக ரத்தநாளத்தில் செலுத்தியதையும், மானிட்டரில் இதயம் தறிகெட்டு ஓடியதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். "அதுலேர்ந்து அட்ரினலின்னா கை வர மாட்டேங்குது சார்." தசையில் போடுவதற்கும் ரத்தநாளத்தில் போடுவதற்கும் இடையிலுள்ள பாதுகாப்பு வேறுபாட்டை விளக்கி, அந்தப் பயத்தைப் பிரித்தெடுக்க மூன்று நிமிடங்கள் போதுமாக இருந்தன. 30 ஸ்லைடுகளால் தொட முடியாத காரணம் மாடிப்படியில் கிடைத்தது. முதல் நாள் நடத்தியவர் இருந்திருந்தால், அந்தக் காரணம் 16 பேருக்கும் கிடைத்திருக்கும்; பின்வரிசையில் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அதே பயம் இருந்ததோ.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் நாள் மூவர் செய்த வேலையை இரண்டாம் நாள் அவர் ஒருவரே செய்தார்: மேனிக்கினை இயக்குவது, மானிட்டரை மாற்றுவது, குறிப்பெடுப்பது, பிறகு வந்து பேசுவது. குறிப்பெடுக்க ஆள் இல்லாததால் வீடியோவைச் சார்ந்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே தவறு அவருடையதைக் காட்டிலும் மையத்துடையது. வீடியோ இருந்தால் தரம் உயர்ந்துவிடும் என்ற எண்ணமும் பிழையானது. 2006இல் கனடாவில் மயக்கவியல் பயிற்சி மருத்துவர்கள் 42 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், டீப்ரீஃபிங் எதுவும் பெறாதவர்கள் அடுத்த காட்சியில் முன்னேறவில்லை. பேச்சு மட்டும் பெற்றவர்களும், பேச்சோடு வீடியோவும் பெற்றவர்களும் முன்னேறினார்கள், ஆனால் அந்த இரு குழுக்களுக்குள் வேறுபாடு தென்படவில்லை. செவிலியர் சிமுலேஷனுக்கான பன்னாட்டு அமைப்பான ஐனாக்ஸல் 2021இல் வெளியிட்ட தரநெறிகளில் முன்விளக்கம், நடத்துதல், டீப்ரீஃபிங் மூன்றுக்கும் தனித்தனி ஆவணமே இருக்கிறது. நம் நாட்டில் 2019இல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டம் மருத்துவக் கல்லூரிகளுக்குத் திறன் ஆய்வகத்தைக் கட்டாயமாக்கிய பிறகு மேனிக்கின் வாங்குவது பெருகியிருக்கிறது. மேனிக்கினை எண்ணிப் பதிவேட்டில் எழுதலாம். பத்து விநாடி பேசாமல் இருக்கத் தெரிந்தவரை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தெரியவில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். இடம் சுத்தமாக இருந்தது. சாப்பாடு நன்றாகவே இருந்தது, குறிப்பாக இரண்டாம் நாள் வற்றல் குழம்பு. கார் நிறுத்த இடமில்லை. சான்றிதழை அன்றே கொடுத்துவிட்டார்கள். கட்டணம் ஆளுக்கு 12,000 ரூபாய். முதல் நாளுக்கு அது நியாயமான தொகை, இரண்டாம் நாளுக்குச் செலவழித்த தொகையில் நல்ல புத்தகங்கள் வாங்கியிருக்கலாம். பதிவு செய்ய நினைப்பவர்கள் மேனிக்கின் எந்த நிறுவனத்துடையது என்று கேட்பதற்கு முன்னால், ஒரு காட்சிக்கு ஃபெசிலிடேட்டர்கள் எத்தனை பேர், அவர்கள் அதற்கெனத் தனிப்பயிற்சி பெற்றவர்களா, காட்சிக்கும் உரையாடலுக்கும் எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள், வீடியோ எடுத்தால் அது யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். உரையாடலின் நேரம் காட்சியின் நேரத்தைவிடக் குறைவு என்றால் நான் போக மாட்டேன்.

புறப்படும்போது கருத்துப் படிவம் கொடுத்தார்கள். மேனிக்கின், வகுப்பறை, குளிர்சாதனம், உணவு, ஒருங்கிணைப்பு என்று ஐந்து வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரங்கள். நடத்தியவர்களைப் பற்றி ஒரு வரிசையும் இல்லை. படிவத்தின் பின்பக்கத்தில், மேலே சொன்னதன் சுருக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். என் கருத்துகளை நிர்வாகம் படித்ததாகவும், மிகவும் நன்றி என்றும் சொன்னார். அடுத்த மாதம் வியர்க்கக்கூடிய புது மேனிக்கின் ஒன்று வருவதாகவும், எங்கள் மருத்துவமனையிலிருந்து மறுபடியும் ஐந்து பேரை அனுப்பினால் கட்டணத்தில் சலுகை உண்டு என்றும் சேர்த்துச் சொன்னார். முதல் நாள் நடத்திய அந்த மேடம் வருவாரா என்று கேட்டேன்.

"அது இன்னும் முடிவாகலை சார்."